ஒரு சொட்டு ரத்தம்கூட வரக்கூடாது

ஊர்ல எல்லாரும் ரத்தம் சீக்கிரம் நிக்கணும்னு சாமி கும்பிடுவாங்க. நாங்க மட்டும் மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு, அது நிக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணிக்கிட்டு இருப்போம், இதுக்குப் பேரு தொழில்.

நான் ஸ்டெல்லா. மலேசியாவுல ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்துப் பொண்ணு. மெடிக்கல் லேப் படிக்கிறேன். பிராக்டிகலுக்கு ஜொகூர்ல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில போட்டாங்க. ரத்தம் உறையுறதைப் பாக்குற மேசைதான் எனக்குக் கிடைச்சுச்சு. அந்த லேப்ல தமிழ் பேசுற ஆளு நான் ஒருத்திதான். அதனால காலையில ரத்தம் எடுக்குற கவுண்டர்ல நானு, வார்ஃபரின் கிளினிக்ல மொழிபெயர்க்க நானு, யாராச்சும் தமிழ்ல கத்தினா போய் சமாதானம் பண்ணவும் நானு. சமாதானம் பண்ண என்னை அனுப்பினாங்க பாருங்க, அதுலயே தெரியலையா அந்த ஆஸ்பத்திரி லட்சணம்.

வார்ஃபரின்னா ரத்தம் கட்டியாகாம இருக்கக் குடுக்குற மாத்திரை. அதைச் சாப்பிடுறவங்க மாசாமாசம் வந்து ரத்தம் குடுக்கணும். நாங்க ஒரு நம்பர் சொல்லுவோம், ஐ.என்.ஆர்னு பேரு. உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணு பக்கத்துல இருக்கும். எங்க கிளினிக்குக்கு வர்ற தனபால் அண்ணன் மாதிரி இதயத்துல இரும்பு வால்வு வச்சவங்களுக்கு ரெண்டரையிலேருந்து மூணரைக்குள்ள நிக்கணும். கீழ இறங்கினா வால்வுல ரத்தம் கட்டும். மேல ஏறினா மூளையில, வயித்துல ரத்தம் கசியும். அவரு வால்வு அடைக்காம இருக்கணும், அவ்வளவுதான் இந்தக் கதையில விஷயம். அதுக்காக நான் போட்ட சண்டைங்கதான் கீழ இருக்கிறது. லேப்ல மாட்டிக்கிட்டவங்க, பிராக்டிகல்ல திட்டு வாங்கினவங்க, மாசாமாசம் கையை நீட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறவங்க, நீங்கல்லாம் என் கட்சி. மத்தவங்க வேணும்னா படிங்க.

கோடு எதுக்குப் போட்டிருக்கான்?

எங்க டெஸ்ட்டுக்கு நீல மூடி ட்யூப். உள்ள கொஞ்சூண்டு சிட்ரேட் இருக்கும். ரத்தம் உறையணும்னா அதுக்குக் கால்சியம் வேணும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் புடிச்சு வச்சுக்கும், ரத்தம் தண்ணியாவே இருக்கும். அப்புறம் மெஷின்ல நாங்க கால்சியத்தைத் திருப்பிக் குடுத்து, உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்போம். மருந்து ஒரு பங்குன்னா ரத்தம் ஒன்பது பங்கு இருக்கணும். அதுக்குத்தான் ட்யூப்ல கோடு போட்டிருக்கான். பாதி ட்யூப் அனுப்பினா மருந்து ஜாஸ்தியாயிரும், ரத்தம் மெதுவா உறையும், நம்பர் பொய்யா ஏறிக் காட்டும். டாக்டரு அதை நம்பி மாத்திரையைக் குறைப்பாரு. அப்புறம் வால்வு அடைக்கும்.

ஒரு நாள் பாதி ட்யூப் வந்துச்சு. வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். கிளினிக்ல புதுசா சேர்ந்திருந்த டாக்டரு போன்ல கத்துனாரு. நம்ம ஆளுதான், தமிழ்லயே கத்துனாரு. "ரத்தம் இருக்குல்ல, போடு மெஷின்ல"ங்கிறாரு. "கோடு எதுக்கு சார் போட்டிருக்கான், அழகுக்கா?"ன்னேன். பக்கத்துல இருந்த காக் ரோஹானி, அந்த மேசைக்குப் பெரியவங்க, மலாய்க்காரங்க, காக்னா அக்கா, என் கையைப் புடிச்சு "ஸபார் லா, ஸ்டெல்லா"ன்னாங்க. பொறுமையாம். பொறுமையா இருந்திருந்தா அந்தப் பொய் நம்பர் அப்படியே போயிருக்கும்.

அந்த ரத்தம் தனபால் அண்ணனோடது. நாப்பது வயசு இருக்கும். ஃபேக்டரி பஸ் ஓட்டுறவரு, தினம் ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வர்றவரு. லீவு போட்டுட்டு வந்திருக்காரு. ஒரு கையில பஞ்சு, மூஞ்சில கொலைவெறி. நான் கோட்டைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். அவரு கேட்டுட்டு, இன்னொரு கையை மேசையில தொப்புன்னு போட்டாரு. "அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு குத்திக்கிறதுக்கு நான் என்னம்மா கோயிலுக்கா வந்திருக்கேன்?"

டிக் டிக்

தனபால் அண்ணன் பக்கத்துல உக்காந்தா கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் கேக்கும். சட்டைக்குள்ளேருந்து வரும். நான் முதல்ல அவரு வாட்ச்சைப் பாத்தேன், கையில வாட்ச்சே இல்ல. வால்வு மூடித் திறக்குற சத்தம். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல வால்வு கெட்டுப்போயி, இப்ப சமீபத்துலதான் ஆபரேஷன் பண்ணி மாத்தியிருக்காங்க. கூட வந்த அவரு மனைவி தேவி அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. அவரு சொல்லல. அவருக்கு அதைப் பத்திப் பேசினாலே புடிக்காது.

நம்ம ரத்தத்துல ரெண்டு கோஷ்டி இருக்குன்னு காக் ரோஹானி எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு கோஷ்டி எங்கயாச்சும் ஓட்டை விழுந்தா ஓடிப்போய் அடைக்கும். ஒருத்தன் இன்னொருத்தனை எழுப்புவான், அவன் இன்னும் பத்துப் பேரை எழுப்புவான், கடைசியில ஊரே கூடிரும். இன்னொரு கோஷ்டி, "போதும்பா, வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சமமா இருக்கிறதாலதான் நாம உயிரோட இருக்கோம். இரும்பு வால்வு உள்ள வந்தா முதல் கோஷ்டிக்குத் தூக்கமே கிடையாது. அது நம்ம உடம்பு இல்லன்னு அதுக்குத் தெரியும். எப்படா மூடலாம்னு பாத்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் மாத்திரை, உசுரு இருக்கிற வரைக்கும்.

நான் இதைத் தேவி அக்காகிட்ட சொன்னேன். அவங்க அண்ணன் சட்டைப் பக்கம் ஒரு தடவை பாத்தாங்க. "எல்லாரும் சத்தம் தொந்தரவா இல்லையான்னு கேக்குறாங்க தங்கச்சி, எனக்கு அது கேக்கலைன்னாத்தான் பயம்."

கீரை

வருசக் கடைசியில அவரு நம்பர் ரெண்டுக்கு இறங்கிடுச்சு. நான் கவுண்டர்லயே புடிச்சேன். "மாத்திரை மறந்தீங்களா அண்ணே?" இல்லங்கிறாரு. "வேற மருந்து ஏதாச்சும்? நாட்டு மருந்து?" இல்லங்கிறாரு. தேவி அக்காதான் சொன்னாங்க, தைப்பூசத்துக்கு விரதம் ஆரம்பிச்சிட்டாராம். கறி மீனு கிடையாது. காலையில கீரை, மத்தியானம் கங்கோங் கீரை, ராத்திரி சாவிங்கிற சீனக் கீரை. பாசார்ல, அதான் சந்தையில, இருக்கிற பச்சையெல்லாம் அவரு வயித்துலதான்.

டாக்டர் லிம், கிளினிக்ல பெரிய டாக்டரு, அவங்க சொன்னதை நான் தமிழ்ல சொன்னேன். ரத்தம் உறைய வைக்கிற சாமானைச் செய்யுறதுக்குக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேணும். வார்ஃபரின் அதைத் தடுக்கும். கீரையில வைட்டமின் கே ரொம்ப இருக்கு. ஒரு பக்கம் மாத்திரை இழுக்குது, ஒரு பக்கம் கீரை இழுக்குது, கீரை ஜெயிச்சிருச்சு. சாப்பிடாதீங்கன்னு யாரும் சொல்லல. தினம் ஒரே அளவா சாப்பிடுங்க, அதுக்கேத்த மாதிரி மாத்திரையை மாத்திக் குடுக்குறோம். இவ்வளவையும் சொன்னேன், தொண்டை வத்த.

அண்ணன் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாரு. எனக்கு ரொம்ப சந்தோசம், பரவாயில்லையே, ஒரு ஆளாச்சும் காது குடுத்துக் கேக்குறாரேன்னு. எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டுத் தேவி அக்கா பக்கம் திரும்பி, ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி சிரிச்சாரு. "அப்போ மாத்திரை இல்லாம கீரை மட்டும் சாப்பிட்டா, குத்தினாலும் ரத்தம் வராதுன்னு சொல்லு!"

பொந்தியான் அங்கிள்

நடுவுல இதையும் சொல்லிடுறேன். பொந்தியான்லேருந்து ஒரு சீன அங்கிள் வருவாரு, அவருக்கும் இரும்பு வால்வுதான். ஒவ்வொரு மாசமும் நம்பர் அருமை. டாக்டர் லிம் அவரைக் காட்டித்தான் மத்தவங்களைத் திட்டுவாங்க. ஒரு நாள் கவுண்டர்ல பேச்சுக் குடுத்தேன். கிளினிக் தேதி கிட்ட வந்தாத்தான் மாத்திரையைத் தொடுவாராம். தினம் சாப்பிட்டா வயித்துக்கு ஒத்துக்கலையாம், கை கால் எல்லாம் நீல நீலமாத் தடிக்குதாம்.

எனக்குத் தலைக்கு மேல ஏறிருச்சு. அந்த நம்பர் கடைசி சில நாளைத்தான் காட்டும் அங்கிள், மாசம் முழுக்க நீங்க என்ன பண்ணீங்கன்னு காட்டாது, வால்வுக்கு உங்க தேதியெல்லாம் தெரியாதுன்னு மலாய்ல கத்துனேன். வரிசையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அங்கிளுக்குக் கோவமே வரல. என் பிராக்டிகல் பேட்ஜைப் பாத்தாரு. "ஏன் கேர்ள், நீ மட்டும் வருசம் முழுக்கவா படிக்கிற? பரீட்சைக்கு முதல் நாள்தானே?"

நேத்திக்கடன்

பூசத்துக்கு முந்தின கிளினிக்ல தனபால் அண்ணன் நம்பர் ஒண்ணு புள்ளி ரெண்டு. ட்யூப் கோடு வரைக்கும் இருக்கு, மெஷின் சரியா இருக்கு, நான் ரெண்டாவது தடவையும் ஓட்டிப் பாத்துட்டேன். இதுக்குக் கீரை காரணம் இல்ல. இது மாத்திரையே சாப்பிடாத ஆளோட ரத்தம். லேப்லேருந்து கிளினிக்குக்கு ஓடினேன். அவரு வராந்தாவுல உக்காந்திருந்தாரு, காவி வேட்டி, கழுத்துல மாலை.

"நிறுத்திட்டீங்களா அண்ணே?" "ஆமா." "எதுக்கு?" அவரு ரொம்ப நிதானமா சொன்னாரு. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போகும்போது வேண்டிக்கிட்டாராம், உசுரோட வெளிய வந்தா அலகு குத்திக் காவடி எடுக்குறேன்னு. போன பூசத்துக்கு உடம்பு தேறல. இந்த வருசம் விட்டா சாமிக்குக் கடன். அலகு குத்தும்போது ரத்தம் வரக்கூடாது. வந்தா விரதம் சரியில்ல, மனசு சுத்தமில்லன்னு சொல்லுவாங்க. அவரு மச்சானுக்கு ஒரு வருசம் வந்துச்சாம். இன்னைக்கு வரைக்கும் கல்யாண வீடு கருமாதி வீடுன்னு எங்க போனாலும் அதைச் சொல்லிக் காட்டுறாங்களாம். மாத்திரை சாப்பிட்டா ரத்தம் நிக்காதுன்னு நாங்கதான சொன்னோம், அதனால நிறுத்திட்டாராம். நாங்க சொல்லிக் குடுத்ததை எங்களுக்கே திருப்பிக் குடுக்குறாரு!

நான் விடல. பால்குடம் எடுங்க அண்ணே. அலகு இல்லாம காவடி எடுங்க. முடி இறக்குங்க. சாமிக்கு உங்க நாக்குதான் வேணுமா, உசுரு வேணாமா? டாக்டர் லிம்மும் வந்துட்டாங்க. இப்பவே வார்டுல படுங்க, ஹெப்பாரின் ஊசி போடுறோம், அது உடனே வேலை செய்யும், மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்போம்னாங்க. வார்டுல படுத்தா பூசம் போயிரும். அவரு முடியாதுன்னுட்டாரு. தேவி அக்கா அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "மாமா, பால்குடம் எடுக்கலாம் மாமா"ன்னு கெஞ்சினாங்க. அவரு கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டாரு. எழுந்தப்ப என் கழுத்துல இருந்த சிலுவையைப் பாத்தாரு. கோவமா இல்ல, பாவம் பாத்த மாதிரிதான் சொன்னாரு. "நீ சர்ச்சுக்குப் போற பொண்ணும்மா, என் கடன் உனக்கு எப்படிப் புரியும்?"

பூசம்

சர்ச்சுக்குப் போற பொண்ணு பூசத்துக்குப் போனேன். எங்க தோட்டத்துல பூசம்னா எல்லாரும்தான் போவோம், அதுல என்ன இருக்கு. ஆனா இந்தத் தடவை நான் சாமி பாக்கப் போகல. கூட்டத்துல முட்டி மோதி அவரு இருந்த எடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேளம் காதைக் கிழிக்குது. அவரு கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு. மச்சான் தோளைப் புடிச்சிருக்காரு. தேவி அக்கா கையில சாம்பிராணித் தட்டு ஆடுது. விபூதியைப் பூசி, நாக்குல வேலைக் குத்தினாங்க.

ஒரு சொட்டு வரல.

சுத்தி நின்னவங்க "வேல் வேல்"னு கத்துனாங்க. பக்கத்துல ஒரு பொம்பள கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நான் நின்ன எடத்துல எத்தனையோ பேருக்குக் குத்தினாங்க, யாருக்குமே ரத்தம் வந்து நான் பாக்கல. இதுக்கா இவ்வளவும்னு தோணுச்சு. அவரு நாக்குல வராத ரத்தம் உள்ள அந்த வால்வுல என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்னும் தோணுச்சு. மேளத்துல டிக் டிக் எல்லாம் யாருக்குக் கேக்கும்?

காவடி இறக்கி, வேலை எடுத்து, விபூதியை அப்பினதுக்கு அப்புறம் என்னைப் பாத்துட்டாரு. கூப்பிட்டாரு. அவரு மூஞ்சி அவ்வளவு தெளிவா இருந்து நான் பாத்ததே இல்ல, ஏதோ பாரத்தை இறக்கி வச்ச ஆளு மாதிரி. இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடுறேன்னு சத்தியம் பண்ணாரு. அப்புறம் நாக்கை நீட்டிக் காட்டினாரு. "என்ன லேப்பு, இப்ப என்ன சொல்ற?"

பிரேக்கு

அடுத்த வேலை நாள்ல காக் ரோஹானிகிட்ட சொன்னேன், ஆரம்பிச்சிட்டாரு காக், இனி சரியாயிரும்னு. அவங்க சிரிக்கல. வார்ஃபரின் இன்னைக்கு முழுங்கினா நாளைக்கு வேலை செய்யுற மாத்திரை இல்லன்னாங்க. ரத்தத்துல ஏற்கெனவே இருக்கிற உறைய வைக்கிற சாமானெல்லாம் தீந்து போகணும், அதுக்கு நாளாகும்.

அதைவிட மோசம் இன்னொண்ணு சொன்னாங்க. ரெண்டாவது கோஷ்டி, போதும்னு சொல்ற கோஷ்டி இருக்கே, அதுல சிலதைச் செய்யவும் வைட்டமின் கே வேணும். மாத்திரையை ஆரம்பிச்சா முதல்ல குறையுறது அதுல ஒண்ணுதானாம். உறைய வைக்கிறவன் இன்னும் நிக்கிறான், தடுக்கிறவன் போயிட்டான். அதுக்குத்தான் கூடவே ஹெப்பாரின் போடணும்னு டாக்டர் லிம் வார்டுக்குக் கூப்பிட்டது. நான் உடனே அவரு வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னேன். கிளினிக்லேருந்து பண்ணாங்க. தேவி அக்காதான் எடுத்தாங்களாம். வரச் சொன்னா, அவரு வேலைக்குப் போயிட்டாராம், லீவெல்லாம் பூசத்துக்கே முடிஞ்சிருச்சாம். நான் மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சேன், ட்யூப் ஸ்டாண்டு ஆடுச்சு. காக் ரோஹானி ட்யூப்பை ஒவ்வொண்ணா நேரா நிமித்தி வச்சாங்க. "நீ கோவப்பட்டா வண்டி நிக்காது ஸ்டெல்லா, பிரேக்கு இருந்தாத்தான் நிக்கும்."

நார்மல்

அந்த வாரமே ஒரு பகல்ல எமர்ஜென்சியிலேருந்து நீல மூடி ட்யூப் ஒண்ணு வந்துச்சு. கோடு வரைக்கும் சரியா இருந்துச்சு. பேரைப் பாத்தேன். பஸ்ஸைக் கழுவிக்கிட்டு இருந்தப்ப அப்படியே சரிஞ்சு விழுந்தாராம். வலது கை கால் வரல, பேச்சு வரல. வால்வுல கட்டின ரத்தத்துலேருந்து ஒரு துண்டு மூளைக்குப் போயிருச்சு. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது அந்த ட்யூப்பும் பேரும்தான். அதுவே போதும்.

மெஷின்ல வச்சேன். ஒண்ணு புள்ளி ஒண்ணு. நம்பர் தப்பா இருந்தா எங்க ஸ்கிரீன்ல செவப்பா காட்டும். இது செவப்பா வரல. சாதாரண ஆளுக்கு இருக்க வேண்டிய அளவு இதுதான், அதனால கறுப்பாவே அமைதியா நிக்குது. என் ரத்தத்தை ஓட்டினாலும் இதே நம்பர்தான் வரும். எனக்கு அது ஆரோக்கியம். அவருக்கு அதுதான் வியாதி. மெஷினுக்கு யாரு நெஞ்சுல என்ன வச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?

போன் அடிச்சுச்சு. பாதி ட்யூப் அனுப்பின அதே புது டாக்டரு, இப்ப எமர்ஜென்சிக்கு மாத்திட்டாங்க போல. நம்பரைச் சொன்னேன். வால்வு இருக்கு சார், இந்த நம்பரு ரொம்பக் கம்மி சார்னு சொல்ல வாயைத் திறக்குறேன். அவரு அவசரத்துல இருந்தாரு, அதுக்குள்ள மூச்சை விட்டுட்டாரு. "அப்பாடா, இந்தாளுக்கு ஒரு ரிசல்ட்டாச்சும் நார்மலா வந்துச்சே!"

நான் என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது. அவரு ரெண்டாவது தடவை கேட்டப்ப வால்வைப் பத்திச் சொன்னேன்.

தேவி அக்கா

பிராக்டிகல் முடியுற சமயத்துல தனபால் அண்ணன் திரும்பவும் கிளினிக்குக்கு வந்தாரு. சக்கர நாற்காலியில. தேவி அக்கா தள்ளிக்கிட்டு வந்தாங்க. அவருக்கு உசுரு இருக்கு. வலது கை மடியில ஒரு பொருள் மாதிரி கிடக்கு. நான் "அண்ணே"ன்னேன். என்னைத் தெரிஞ்சிருச்சு, கண்ணு சொல்லுச்சு. வாயைத் திறந்தாரு, "ஆ... ஆ..."ன்னு ஒரு சத்தம், அதுக்கு மேல ஒண்ணும் வரல. அதுக்கே மூஞ்சி செவந்து போச்சு. நான் ஊசி குத்தும்போது அந்த வாயிலேருந்து ஏதாச்சும் ஒரு குத்தல் பேச்சு வரும்னு, பழக்கத்துல, காத்துக்கிட்டு இருந்தேன்.

நம்பர் மூணு. போன மாசமும் மூணாம். பஸ் ஓட்டின காலத்துல இப்படி ஒரு நாளும் வந்ததில்ல. டாக்டர் லிம் "பாகுஸ்! பாகுஸ்!"னு, ரொம்ப நல்லா இருக்குன்னு மலாய்ல சொல்லித் தோளைத் தட்டினாங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்றது, வரிசையில இன்னும் அத்தனை பேரு நிக்கிறாங்க. நான் தேவி அக்காவை ஓரமா கூட்டிக்கிட்டுப் போனேன். எனக்கு யாரையாச்சும் திட்டணும்போல இருந்துச்சு. பூசத்துல தோளைப் புடிச்சுக்கிட்டு நின்ன மச்சானைத் திட்டினேன், வாய் இருக்குன்னு ரத்தத்தைப் பத்திப் பேசுறவங்களைத் திட்டினேன், அன்னைக்கு வார்டுல படுக்க வைக்காம விட்ட எங்க எல்லாரையும் திட்டினேன். அவங்க எல்லாத்தையும் கேட்டாங்க. மச்சான் இப்ப வீட்டுப் பக்கமே வர்றதில்லையாம். கோயில்ல மட்டும் இன்னும் பேசுறாங்களாம், எப்பேர்ப்பட்ட பக்தி, ஒரு சொட்டு வரலையேன்னு. அதைச் சொல்லும்போது அவங்க குரல்ல பெருமையும் இல்ல, கோவமும் இல்ல.

எப்படிக்கா இவ்வளவு சரியா மாத்திரை குடுக்குறீங்கன்னு கேட்டேன். எதையாச்சும் கேக்கணுமேன்னுதான் கேட்டேன். அவங்க நாற்காலியோட பிரேக்கை எடுத்துவிட்டாங்க, அவரு சட்டைக் காலரை நேரா இழுத்துவிட்டாங்க. "அதுல என்ன கஷ்டம் தங்கச்சி, வாயில வச்சா முழுங்கிடுறாரு, வேணாம்னு சொல்லத்தான் இப்ப அவருக்குப் பேச்சு வரலையே."

நம்பர் கெட்டுப்போனா ஆயிரம் கேள்வி கேக்குறதும், நம்பர் சரியாயிட்டா அது எப்படி சரியாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்காம "பாகுஸ்"னு சொல்லிட்டு அடுத்த ஆளோட கையைப் புடிக்கிறதும்தான் எங்க தொழில்ல நாங்க நல்லா கத்துக்கிட்டது.